கேள்வி கேட்கக் கூடாத நீதிபதி

ஸ்பெயின் நாட்டில் வீட்டுக் கடன் தவணை கட்டத் தவறியவர்மீது வங்கி வழக்குத் தொடுத்தால், நீதிபதிக்கு நெடுங்காலமாக இருந்த வேலை மிகச் சிறியது. அடமானம் பதிவாகியிருக்கிறதா, பாக்கி இவ்வளவு என்று வங்கி சான்றிதழ் தந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இரண்டும் சரியாக இருந்தால் ஏலத்துக்கு நாள் குறிக்க வேண்டும். அந்தக் கடன் பத்திரத்தின் நிபந்தனைகள் நியாயமானவையா என்று அவர் கேட்க முடியாது. வேறொரு நீதிபதி வேறொரு வழக்கில் அதைக் கேட்டாலும் ஏலம் நிற்காது. 2008-இல் ஸ்பெயினின் கட்டுமானப் பொருளாதாரம் சரிந்தபோது நாடு முழுவதும் இப்படித்தான் வீடுகள் பறிபோயின. வங்கிகளைப் பொறுப்பேற்க வைக்க வேண்டும் என்று பேசும்போதெல்லாம் நம் நினைப்பு அபராதத்துக்கும் இழப்பீட்டுக்குமே போகிறது. ஸ்பெயினின் நூறாண்டு வரலாற்றைப் பார்த்தால், அவை இரண்டாம் இடத்தில் வர வேண்டியவை என்றே எனக்குத் தோன்றுகிறது. முதலில் வேண்டியது, கடனாளியின் முறையீட்டைக் கேட்க ஓர் இடம். கேட்டபின் ஏலத்தை நிறுத்திவைக்கும் அதிகாரம். அந்த இடம் அடைபட்டிருந்த காலம் முழுவதும் எந்த வங்கியும் எதற்கும் பதில் சொல்லவில்லை. அது திறந்த பிறகு, தயக்கத்தோடும் தாமதத்தோடும், பதில் சொல்லத் தொடங்கின.

அந்த அடைப்பு தற்செயலாக ஏற்பட்டதல்ல. 1861-இல் வந்த அடமானச் சட்டம் ஸ்பெயினில் சொத்துப் பதிவை ஒழுங்குபடுத்தியது. 1872-இல் தேசிய அடமான வங்கி ஒன்று உருவானபோது, அந்த ஒரு வங்கிக்கு மட்டும் விரைவாகக் கடனை வசூலிக்கும் தனிச்சலுகை தரப்பட்டது. 1909-ஆம் ஆண்டுச் சட்டம் அந்தச் சலுகையை அடமானத்தின்பேரில் கடன் கொடுத்தவர்கள் எல்லோருக்கும் விரித்தது. அன்றைய காரணம் கெட்ட காரணம் அல்ல. வழக்குகள் ஆண்டுக்கணக்கில் இழுத்தடிக்கப்பட்டதால் நிலத்தின்பேரில் கடன் தரப் பணமுள்ளவர்கள் தயங்கினார்கள். கொடுத்தவர்கள் கடும்வட்டி கேட்டார்கள். வசூல் உறுதியானால் வட்டி குறையும் என்று சட்டம் இயற்றியவர்கள் நம்பினார்கள். பிராங்கோ ஆட்சியில், 1946-இல், திருத்தி எழுதப்பட்ட அடமானச் சட்டம் இந்த முறையைத் தொடவில்லை. 2000-இல் வந்த புதிய உரிமையியல் நடைமுறைச் சட்டமும் தொடவில்லை. கடனாளி எழுப்பக்கூடிய ஆட்சேபணைகள் விரல்விட்டு எண்ணும் அளவில் இருந்தன: கடன் ஏற்கெனவே தீர்ந்துவிட்டது என்று காட்டலாம், கணக்கில் பிழை என்று காட்டலாம், சொத்தின்மீது முந்தைய பொறுப்பு ஒன்று இருக்கிறது என்று காட்டலாம். மற்றதெல்லாம் தனி வழக்கில்தான். 1981-இல் ஸ்பெயினின் அரசியலமைப்பு நீதிமன்றத்துக்கு இந்தக் கேள்வி போனது. தனி வழக்குத் தொடுக்க வழி இருக்கும்போது கடனாளியின் உரிமை பறிபோகவில்லை என்று அது சொல்லிவிட்டது. தனி வழக்கில் தீர்ப்பு வருவதற்குள் குடும்பம் தெருவுக்கு வந்துவிடும் என்ற நடைமுறை உண்மைக்கு அந்தத் தீர்ப்பில் எடை இல்லை.

இதோடு சேர்ந்தது இன்னொரு பழைய விதி. 1889-ஆம் ஆண்டு உரிமையியல் சட்டத்தின் 1911-ஆம் பிரிவின்படி, கடன் வாங்கியவர் தன்னிடம் இப்போது இருக்கும் சொத்து, இனி வரப்போகும் சொத்து அனைத்தையும் கொண்டு கடனுக்குப் பொறுப்பு. அதாவது வீட்டைக் கொடுத்துவிட்டாலும் கடன் தீராது. ஏலத்தில் யாரும் கேட்க வரவில்லை என்றால், மதிப்பிட்ட விலையில் பாதிக்கு வங்கியே வீட்டை எடுத்துக்கொள்ளச் சட்டம் இடம் தந்தது. பாதி விலை கடனில் கழியும். மீதிக்கு வட்டி ஓடும், சம்பளத்தில் பிடித்தம் வரும், ஜாமீன் போட்டவர்கள் வீட்டுக்கு நோட்டீஸ் போகும். 2011-இல் பாதியை 60 சதவீதமாக்கினார்கள், 2013-இல் குடியிருக்கும் வீட்டுக்கு 70 சதவீதமாக்கினார்கள். வீடும் போய்க் கடனும் நிற்கும் நிலை அதனால் மாறவில்லை.

விலைவாசி மெல்ல ஏறி, வேலை நிலையாக இருந்த காலத்தில் இந்தச் சட்டத்தின் கடுமையைச் சிலரே உணர்ந்தார்கள். யூரோ வந்தபின் எல்லாம் மாறியது. 2006-இல் ஓராண்டில் மட்டும் 7 லட்சத்துக்கும் அதிகமான வீடுகளைக் கட்டத் தொடங்கினார்கள். அந்தந்த வட்டாரத்தில் வேரூன்றிய 45 சேமிப்பு வங்கிகள் ஒன்றோடொன்று போட்டி போட்டுக் கடன் கொடுத்தன. வீட்டின் மதிப்பைச் சொல்லும் நிறுவனங்கள் பலவற்றில் வங்கிகளே பங்குதாரர்கள். மதிப்பு ஏற ஏறக் கடனும் பெருகியது. கடன்களில் பெரும்பாலானவை மாறும் வட்டியில் தரப்பட்டவை, யூரிபோர் என்ற ஐரோப்பிய வங்கிகளுக்கு இடையிலான வட்டியோடு ஏறி இறங்குபவை. ஈக்வடாரிலிருந்தும் மொராக்கோவிலிருந்தும் வந்த கட்டடத் தொழிலாளர்களுக்குக்கூட முழு விலைக்கும் கடன் கிடைத்தது. அவர்களில் பலர் ஒருவர் கடனுக்கு மற்றவர் ஜாமீன் போட்டிருந்தார்கள். 2008 ஜூலையில் யூரிபோர் 5.39 சதவீதத்தைத் தொட்டது. அதே நேரத்தில் கட்டட வேலைகள் நின்றன. 2007-இல் 8 சதவீதமாக இருந்த வேலையின்மை 2013 தொடக்கத்தில் 26 சதவீதத்துக்கு மேல் போனது. 2007-இல் 26 ஆயிரத்துக்குள் இருந்த அடமான ஜப்தி வழக்குகள் 2009-இலும் 2010-இலும் ஆண்டுக்கு 93 ஆயிரத்தைத் தாண்டின. 2008 முதல் 2013 வரை கூட்டினால் ஏறத்தாழ 5 லட்சம். இந்த எண்ணிக்கையில் கடைகளும் மனைகளும் சேர்ந்திருக்கின்றன என்று வங்கிகள் சொன்னது உண்மை. ஆனால் குடியிருந்த வீடுகள் எத்தனை என்று பிரித்துச் சொல்லும் அரசுப் புள்ளிவிவரமே நெருக்கடியின் மோசமான ஆண்டுகளில் இல்லை. தேசியப் புள்ளியியல் நிறுவனம் அதற்கென்று தனி வெளியீட்டைத் தொடங்கியது 2014-இல்தான்.

பார்சலோனாவுக்கு அருகே மார்த்தொரெல் என்ற தொழில் நகரில் வாழ்ந்த ஒரு மொராக்கோத் தொழிலாளியின் கடன் பத்திரம் இந்த வரலாற்றின் நடுவில் நிற்கிறது. 2007 ஜூலையில் ஒரு காத்தலோனியச் சேமிப்பு வங்கியில் அவர் 1,38,000 யூரோ கடன் வாங்கினார். 33 ஆண்டுகள், 396 மாதத் தவணைகள். அவருடைய மாத வருமானம் 1,341 யூரோ. பத்திரத்தில் மூன்று நிபந்தனைகள் கவனிக்க வேண்டியவை. தவணை தவறினால், முன்னறிவிப்பு எதுவும் இல்லாமல், பாக்கித் தொகைக்கு 18.75 சதவீதத் தண்டவட்டி தானாக ஓடத் தொடங்கும். அந்த 396 தவணைகளில் ஒன்றே ஒன்று தவறினாலும் முழுக் கடனையும் உடனே கட்டச் சொல்லி வங்கி கேட்கலாம். பாக்கி எவ்வளவு என்பதை வங்கியே கணக்கிட்டு, வங்கியே சான்றிதழ் தரும். அதை வைத்து ஜப்தி நடவடிக்கை எடுக்கலாம். 2008 மத்தியில் அவரால் தவணை கட்ட முடியாமல் போனது. சில மாதங்களில் வங்கியின் கணக்கு 1,39,764 யூரோ என்று வந்தது. வாங்கிய தொகையைவிட அதிகம். 2010 ஜூலையில் ஏலம் நடந்தது, கேட்பவர் இல்லை, மதிப்பில் பாதிக்கு வீடு வங்கிக்குப் போனது. 2011 ஜனவரி 20-இல் அவரை வெளியேற்றினார்கள். அதற்குச் சில நாட்கள் முன்புதான், வங்கியே கணக்கிடும் அந்த நிபந்தனை செல்லாது என்று அவர் தனி வழக்குப் போட்டிருந்தார். 1981-இல் அரசியலமைப்பு நீதிமன்றம் சுட்டிக்காட்டிய அதே வழி. வழக்கு நடந்துகொண்டிருந்தது; வீடு காலியாகிவிட்டது.

நீதிமன்றத்தில் வாய் திறக்க வழியில்லாதவர்கள் தெருவில் கூடினார்கள். 2009 பிப்ரவரியில் பார்சலோனாவில் அடமானத்தால் பாதிக்கப்பட்டோர் மேடை என்ற அமைப்பு உருவானது. அதன் முன்னணியில் நின்ற அடா கொலாவ் 2015-இல் அந்த நகரத்தின் மேயரானார். கூட்டங்களில் முதலில் நடந்தது எளிமையான காரியம்: ஒவ்வொருவரும் தன் கடன் கதையை எல்லோர் முன்பும் சொல்ல வேண்டும். தவணை தவறியதைச் சொந்தக் குற்றமாக நினைத்துக் குறுகிப்போயிருந்தவர்களுக்கு, பக்கத்து நாற்காலியில் இருப்பவரின் பத்திரத்திலும் அதே நிபந்தனைகள் இருப்பது அங்கேதான் தெரிந்தது. 2010 நவம்பர் 3-ஆம் தேதி லா பிஸ்பால் தெல் பெனதெஸ் என்ற சிற்றூரில், வீட்டு வாசலில் ஆட்கள் திரண்டு நின்று ஒரு ஜப்தியை முதன்முறையாகத் தடுத்தார்கள். அதற்குப் பின் அது நாடெங்கும் பரவியது. ஜப்தி நாளில் நீதிமன்ற ஊழியரும் வங்கியின் பிரதிநிதியும் போலீசும் வந்தாலும், பூட்டை உடைத்துப் புதுப் பூட்டு மாட்ட ஒரு பூட்டுக்காரர் வேண்டும். பாம்ப்லோனா நகரப் பூட்டுக்காரர்கள் 2012 இறுதியில் கூடிப் பேசி, இனி குடும்பங்களை வெளியேற்றும் வேலைக்குப் போவதில்லை என்று ஒருமனதாக முடிவெடுத்தார்கள். 2013 பிப்ரவரியில் ஆ கொருன்யாவில், 85 வயது மூதாட்டியை வெளியேற்றக் கதவைத் திறந்துவிடத் தீயணைப்பு வீரர்கள் மறுத்தார்கள். வீட்டைக் கொடுத்தால் கடன் தீர வேண்டும் என்று கோரும் மக்கள் மனுவுக்குச் சட்டப்படி 5 லட்சம் கையெழுத்து போதும். 14 லட்சத்துக்கும் மேல் சேர்ந்தது.

நீதித்துறைக்குள்ளும் சிலர் அமைதி இழந்திருந்தார்கள். சபதெல் நகர நீதிபதி ஒருவர் இந்த நடைமுறை அரசியலமைப்புக்கு உட்பட்டதுதானா என்று மீண்டும் கேட்டார். 2011 ஜூலையில் அரசியலமைப்பு நீதிமன்றம் அதை ஏற்க மறுத்தது. அதே ஜூலையில் பார்சலோனா வணிக நீதிமன்ற நீதிபதி ஹோசே மரியா பெர்னாந்தஸ் செயிஹோ, மார்த்தொரெல் தொழிலாளியின் வழக்கை முன்வைத்து, லக்சம்பர்க்கில் உள்ள ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றத்துக்குக் கேள்வி அனுப்பினார். நுகர்வோர் ஒப்பந்தங்களில் நியாயமற்ற நிபந்தனைகள் நுகர்வோரைக் கட்டுப்படுத்தா என்று ஐரோப்பிய ஒன்றியம் 1993-இலேயே விதி வகுத்திருந்தது. ஸ்பெயினும் அதை ஏற்றிருந்தது. அப்படியிருக்க, அந்த நிபந்தனைகளை நீதிபதி பார்க்கவே கூடாது என்று ஒரு நடைமுறை இருக்கலாமா? அரசு வழக்கறிஞர்கள் வாதாடிப் பார்த்தார்கள். 2012 நவம்பரில் அந்த நீதிமன்றத்தின் தலைமைச் சட்ட ஆலோசகர்களில் ஒருவரான யூலியானே கோக்கொட், கூடாது என்று கருத்துத் தந்தார். 2013 மார்ச் 14-இல் தீர்ப்பு வந்தது. வீடு போனபின் இழப்பீடு மட்டும் தருவது முழுமையான பாதுகாப்பு ஆகாது, தனி வழக்கை விசாரிக்கும் நீதிபதிக்கு ஜப்தியை நிறுத்திவைக்கும் அதிகாரம் இருந்தாக வேண்டும் என்று நீதிமன்றம் சொன்னது. ஒரு வங்கிக்கும் அபராதம் இல்லை. ஒரு யூரோ இழப்பீடும் அந்தத் தீர்ப்பில் இல்லை. ஆனாலும் நாடெங்கும் நீதிபதிகள் கோப்புகளைத் திருப்பி எடுத்துத் தண்டவட்டி எவ்வளவு, எத்தனை தவணைக்குப் பின் முழுக் கடன் கேட்கப்பட்டது என்று பார்க்கத் தொடங்கினார்கள். அதுவரை கேட்கப்படாத அந்தக் கேள்விகளுக்கு வங்கிகள் எழுத்தில் பதில் தர வேண்டி வந்தது.

இதற்கு எதிராகச் சொல்லப்படுவதை ஒதுக்கிவிட முடியாது. கையெழுத்துப் போட்டவர் படித்துப் பார்த்திருக்க வேண்டும் என்பது முதல் வாதம். படித்திருந்தாலும் என்ன செய்திருப்பார்? நிபந்தனையை மாற்றச் சொல்லிப் பேரம் பேசும் நிலையில் அவர் இல்லை. பக்கத்து வங்கியின் பத்திரத்திலும் அதே வாசகம்தான் அச்சாகியிருந்தது. ஒப்பந்தத்தின் புனிதம் பற்றிப் பேசுகிறவர்கள், கட்டுமான நிறுவனங்களை வங்கிகள் நடத்திய விதத்தையும் பார்க்க வேண்டும். நெருக்கடியின் தொடக்கத்தில் அந்நிறுவனங்களின் கடனுக்கு ஈடாக மனைகளையும் பாதி கட்டிய வீடுகளையும் வாங்கிக்கொண்டு கணக்கை முடித்த வங்கிகள், அதே வழியைக் குடும்பங்களுக்குத் தர மறுத்தன. இரண்டாவது வாதம் கனமானது: ஜப்தி தளர்ந்தால் கட்ட முடிந்தவர்களும் கட்ட மாட்டார்கள், வைப்புதாரர்களின் பணம்தானே அது என்பது. நடந்தது வேறு. வேலையின்மை உச்சத்தில் இருந்தபோதும் வீட்டுக் கடன்களில் வாராக்கடன் 6 சதவீதத்தைச் சற்றே தாண்டியது, பிறகு இறங்கியது. தீர்ப்புக்குப் பிறகு யாரும் கூட்டமாகத் தவணையை நிறுத்தவில்லை. கட்டுமான நிறுவனங்களின் வாராக்கடன் 30 சதவீதத்தையும் தாண்டியிருந்தது. வங்கிகளைக் கவிழ்த்தது எந்தக் கடன் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. 2012-இல் ஐரோப்பிய நாடுகள் ஒதுக்கிய உதவியிலிருந்து ஏறத்தாழ 41 பில்லியன் யூரோவை ஸ்பெயின் தன் வங்கிகளுக்கு ஊட்டியது. மார்த்தொரெல் தொழிலாளிக்குக் கடன் கொடுத்த வங்கியும் அரசு கைக்குப் போய்ப் பின்னர் வேறொரு பெரிய வங்கிக்கு விற்கப்பட்டது. தவறான கணக்குக்கு வங்கிக்கு மீட்பு, வேலை இழந்ததற்குக் குடும்பத்துக்கு 18.75 சதவீதம் என்ற ஏற்பாட்டை எந்த நியாயத்தாலும் தாங்கிப்பிடிக்க முடியாது. மூன்றாவது வாதத்தை நான் ஒப்புக்கொள்கிறேன்: வழக்குகள் குவிந்தன, நீதிமன்றங்கள் திணறின, சட்டம் எங்கே நிற்கிறது என்று ஆண்டுக்கணக்கில் தெளிவில்லாமல் இருந்தது. ஆனால் அந்தச் செலவு, கேள்விகளை நூறாண்டு தள்ளிவைத்ததால் சேர்ந்த பாக்கி.

பணத்தால் மட்டும் கணக்கை முடிக்க முயன்றால் என்ன ஆகும் என்பதற்கு அதே காலத்து அமெரிக்கா இருக்கிறது. 2010-இல் அங்கே ஒரு வங்கியின் ஊழியர், மாதம் சுமார் 10,000 ஜப்தி ஆவணங்களில் படிக்காமலே கையெழுத்துப் போட்டதாக வாக்குமூலம் தந்தார். 2012 பிப்ரவரியில் 49 மாநிலங்களும் மத்திய அரசும் 5 பெரிய நிறுவனங்களோடு 25 பில்லியன் டாலர் உடன்பாடு செய்தன. வீடிழந்தவர்களுக்கு நேரடியாகப் போன பங்கு சுமார் ஒன்றரை பில்லியன். ஒருவருக்குக் கிடைத்தது ஏறத்தாழ 1,480 டாலர். வங்கி மேற்பார்வை அமைப்புகள் தனியாக ஒரு மறுஆய்வைத் தொடங்கின. அதைச் செய்ய வங்கிகளே ஆலோசனை நிறுவனங்களை அமர்த்தின. அவர்களுக்கு 2 பில்லியன் டாலரை ஒட்டிய தொகை போனது. 2013 ஜனவரியில் பெரும்பாலான வங்கிகளின் ஆய்வைப் பாதியில் கைவிட்டு, 42 லட்சம் பேருக்கு 3.6 பில்லியனைப் பிரித்துக் கொடுத்தார்கள். எந்தக் குடும்பத்துக்கு என்ன அநியாயம் நடந்தது என்று கண்டுபிடிக்காமலேயே காசோலைகள் போயின. முதலில் அனுப்பிய காசோலைகளில் சில கணக்கில் பணம் இல்லையென்று திரும்பின. அதே அமெரிக்காவில், 2011 ஜனவரியில், மசாசூசெட்ஸ் மாநில உச்ச நீதிமன்றம் ஒரு சாதாரணக் கேள்வி கேட்டது: ஏலம் விட்ட நாளில் இந்த அடமானம் உங்கள் பெயரில் இருந்ததா, காட்டுங்கள். இரண்டு வங்கிகளால் காட்ட முடியவில்லை. ஏலம் செல்லாது என்றது நீதிமன்றம். 25 பில்லியன் டாலர் உடன்பாட்டைவிட இந்த ஒரு தீர்ப்பைத்தான் அந்த மாநிலத்தில் வங்கி வழக்கறிஞர்கள் கவலையோடு படித்திருப்பார்கள்.

ஸ்பெயின் அரசு தீர்ப்பை மனமுவந்து ஏற்றுக்கொண்டதாகச் சொல்ல முடியாது. 2013 மே மாதச் சட்டம் நியாயமற்ற நிபந்தனைகளை ஆட்சேபிக்க வழி திறந்தது, தண்டவட்டிக்கு வரம்பு வைத்தது. 14 லட்சம் பேர் கேட்ட, வீட்டைக் கொடுத்தால் கடன் தீரும் என்ற விதியை விட்டுவிட்டது. நீதிபதி கடனாளிக்குச் சாதகமாகச் சொன்னால் வங்கி மேல்முறையீடு செய்யலாம், வங்கிக்குச் சாதகமாகச் சொன்னால் கடனாளி செய்ய முடியாது என்று அதே சட்டத்தில் இருந்தது. 2014 ஜூலையில் லக்சம்பர்க் நீதிமன்றம் அதையும் தவறென்றது. யூரிபோர் எவ்வளவு இறங்கினாலும் வட்டி குறிப்பிட்ட அளவுக்குக் கீழே போகாது என்று கடன்களில் மறைவாகச் சேர்த்திருந்த நிபந்தனையை ஸ்பெயின் உச்ச நீதிமன்றம் 2013-இல் ரத்து செய்தது, ஆனால் அதற்கு முன் வசூலித்ததைத் திருப்பித் தர வேண்டாம் என்றது. 2016 டிசம்பர் 21-இல் லக்சம்பர்க் அந்த விலக்கை நீக்கியது. வங்கிகள் 2 பில்லியன் யூரோவுக்கும் மேல் திருப்பித் தந்தன. கேள்வி கேட்கும் இடம் திறந்தபின் பணமும் தானே வந்தது, அதுவும் யாரிடம் எவ்வளவு கூடுதலாக வாங்கினார்களோ அவர்களுக்கு அவ்வளவு. 2019-இல் வந்த புதிய வீட்டுக் கடன் சட்டத்தின்படி, கடன் காலத்தின் முதல் பாதியில் 12 தவணையோ கடனில் 3 சதவீதமோ பாக்கி விழுந்தால்தான் முழுக் கடனையும் கேட்கலாம். இரண்டாம் பாதியில் 15 தவணை அல்லது 7 சதவீதம். அதே ஆண்டு பிப்ரவரியில், 1981-இல் கதவை மூடிய அதே அரசியலமைப்பு நீதிமன்றம், நிபந்தனையின் நியாயத்தைப் பார்க்க மறுக்கும் நீதிபதி குடிமகனின் அடிப்படை உரிமையை மீறுகிறார் என்று தீர்ப்பளித்தது.

இவ்வளவுக்குப் பிறகும் முடியாத வேலை இருக்கிறது. இன்று ஸ்பெயினில் வெளியேற்றப்படுகிறவர்களில் பெரும்பாலோர் வாடகைக்கு இருப்பவர்கள். அடமானக் கடனாளிகளுக்குத் திறந்த கதவு அவர்களுக்கு உதவாது. 1889-இன் அந்த 1911-ஆம் பிரிவு அப்படியே இருக்கிறது. வீட்டை ஒப்படைத்துக் கடனிலிருந்து விடுபடுவது வங்கி சம்மதித்தால்தான், அல்லது 2012-இல் வந்த நன்னடத்தை விதிகளில் கையெழுத்திட்ட வங்கியாக இருந்து, கடனாளி மிக ஏழை என்று நிரூபித்தால்தான். மார்த்தொரெல் வழக்கு பார்சலோனாவுக்குத் திரும்பி வந்து, 2013 மே மாதம் பெர்னாந்தஸ் செயிஹோ அந்தத் தொழிலாளிக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தபோது, அவரை வீட்டைவிட்டு வெளியேற்றி இரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது.